ஓய்வுக்குப் பின் ஓவியக் கல்வி: வீட்டிலிருந்து கலை பயில்வது குறித்த ஒரு மதிப்பாய்வு

பணி ஓய்வு பெற்ற ஒருவர், ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தம் வீட்டில் இருந்தபடியே, நாளில் சில மணி நேரத்தை மட்டும் ஒதுக்கி, ஓவியத்தை முறையாகக் கற்றுத் தேற முடியுமா? பொழுதுபோக்காக யாரும் வரையலாம். அதில் விவாதம் இல்லை. கல்வி என்று சொல்லத்தக்க அளவில், படிப்படியான பயிற்சியோடும் திருத்தத்தோடும் முன்னேற முடியுமா என்பதே கேள்வி. குருகுலம், கலைக் கல்லூரி, அஞ்சல்வழிப் பாடம், தனிப்பயிற்சி, முதுமை மருத்துவம் என்று ஒவ்வொன்றும் இதற்குத் தனித்தனி விடை சொல்லியிருக்கிறது. அவற்றைத் தொகுத்து, ஒவ்வொன்றின் பலத்தையும் குறையையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி இப்போது முன்னைவிட அழுத்தம் பெற்றிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாட்டிலேயே முதியோர் பங்கு அதிகமுள்ள மாநிலங்களில் இதுவும் ஒன்று. மாநில அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. அதற்குப் பிறகும் பலருக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் தெம்போடு கழிகின்றன. ஒரு கலையை அடியிலிருந்து கற்க அது போதுமான காலம்.

கேள்விக்குள் மூன்று தனிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று வயது: கண்ணும் கையும் அறுபதுக்கு மேல் புதிதாகப் பழகுமா? இரண்டு இடம்: ஆசிரியர் அருகில் இல்லாமல் கைத்திறன் வருமா? மூன்று நேரம்: முழுநாள் பயிற்சி இல்லாமல் தேர்ச்சி சாத்தியமா? இதுவரை முன்வைக்கப்பட்ட நிலைப்பாடுகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றுக்கு வலுவான விடையும் மற்றொன்றுக்கு வலுவற்ற விடையும் தருகின்றன.

பட்டறை சொல்லும் விடை

மிகப் பழைய விடை பட்டறையினுடையது: கைத்தொழில் கையைப் பார்த்துத்தான் வரும். ஸ்தபதிகளும் தஞ்சாவூர் ஓவியர்களும் தேர் செதுக்கிய தச்சர்களும் இந்த வழியில் கற்றவர்கள். சிறுவயதில் கருவி எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் குருவின் அருகில் இருந்து, அவர் திருத்தத் திருத்தத் தேர்வது இதன் முறை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி இலைகளாலும் பூக்களாலும் நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. அந்த வேலை வழிவழியாகச் செய்துவரும் குடும்பத்தாரின் கைகளில்தான் இன்றும் இருக்கிறது. எழுதிவைத்த பாடத்தால் அத்திறன் இத்தனை தலைமுறை நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

இந்த வட்டாரத்தில் நவீன காலத்திலும் பட்டறை வழி வெற்றி கண்டிருக்கிறது. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்த அனுபவத்தோடு கோவில்பட்டியில் நிலைகொண்டு, டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் உள்ளிட்ட சீடர்களை உருவாக்கினார். சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடெங்கும் பரவிய காலண்டர் தெய்வப் படங்களில் பெரும்பங்கு இந்தக் குருபரம்பரையைச் சேர்ந்தது. அந்தச் சீடர்கள் கல்லூரிப் பட்டம் இல்லாமல், ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்தே தேர்ந்தார்கள்.

இந்த நிலைப்பாட்டின் வலிமை, திருத்தம் உடனுக்குடன் கிடைப்பதில் இருக்கிறது. கோடு தவறும் கணத்திலேயே குருவின் விரல் அங்கே வந்துவிடும். இதன் குறைகளும் பெரியவை. பட்டறை பெரும்பாலும் குடும்பத்துக்கும் சாதிக்கும் உள்ளேயே இயங்கியது. பெண்களுக்கு அதன் கதவு அரிதாகவே திறந்தது. இளமையில் தொடங்குவதையும் முழுநாள் உழைப்பையும் அது முன்நிபந்தனையாக்கியது. பட்டறையின் உள்ளே வர முடியாதவர்களின் நிலைக்கு ராஜா ரவிவர்மாவே சான்று. எண்ணெய் வண்ண நுட்பத்தைத் திருவாங்கூர் அரண்மனை ஓவியர் அவருக்குக் கற்றுத்தர மறுத்தார் என்றும், வருகை தந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டுமே அனுமதி கிடைத்தது என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அறுபது வயது ஓய்வூதியருக்குப் பட்டறை வழி அப்படியே பொருந்தாது. ஆனால் உடனடித் திருத்தம் இன்றிக் கை பழகாது என்ற அதன் அடிப்படைக் கருத்தை இதுவரை எவரும் முறியடித்ததாகத் தெரியவில்லை.

கல்லூரி சொல்லும் விடை

இரண்டாவது விடை 1850-இல் பிறந்தது. அந்த ஆண்டு மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. கலையை எவரும் கற்கலாம், பாடத்திட்டம் போட்டு நிலை நிலையாகக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வரானார். அவருக்குப் பின் வந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியக் கிராமத்தை உருவாக்க முன்னின்றார். நவீனத் தமிழ் ஓவியத்தின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த வளாகத்தில் எழுதப்பட்டது.

உருவ வரைவு, பொருள் வரைவு, வண்ணம், அச்சுக்கலை, கலை வரலாறு என்று அகலமான பயிற்சி தருவதும், சக மாணவரோடு ஒப்பிட்டுத் தன் நிலையை உணர வாய்ப்பளிப்பதும் கல்லூரியின் பலங்கள். ஆனால் அது பள்ளி முடித்த இளைஞரை மனத்தில் வைத்து அமைந்த முழுநேரப் படிப்பு. அரசுக் கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன, சிற்பத்துக்கு மாமல்லபுரம். ராஜபாளையத்திலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.

தொலைநிலையில் பட்டம் பெறலாமா என்றால் அங்கும் தடை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்த அனுமதிக்காத பாடங்களின் பட்டியலில் மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை ஆகியவற்றோடு காட்சிக்கலையையும் சேர்த்திருக்கிறது. செய்முறைப் பாடம் நேரில்தான் நடக்க வேண்டும் என்ற பட்டறைக் கருத்தே இங்கு விதியாக மாறியிருக்கிறது. இளைஞரின் தொழில் தகுதியைக் காக்க இந்த விதி நியாயமானது. வேலை தேடாத முதியவரின் கற்றலுக்கும் அதே விதியைப் பொருத்துவது தேவைதானா என்ற கேள்வி மட்டும் விடையின்றி நிற்கிறது.

அரசின் மற்ற ஏற்பாடுகளிலும் வயது எல்லைகள் குறுக்கிடுகின்றன. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் ஐந்து முதல் பதினாறு வயதுக் குழந்தைகளுக்கானவை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்பவை. முதியோருக்கென்று இவற்றுக்கு இணையான கலை வகுப்பை அரசு இன்னும் அமைக்கவில்லை.

ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியமும் உண்டு. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் முதலிய தாள்களை லோயர், ஹையர் என்ற இரு நிலைகளில் தனித்தேர்வராகவும் எழுதலாம். டிராயிங் மாஸ்டர் வேலைக்குப் போக விரும்பியவர்கள் தலைமுறை தலைமுறையாக இத்தேர்வுகளுக்கு வீட்டிலிருந்தே பயின்றிருக்கிறார்கள். அதன் பாடத்திட்டம் பழையது, படைப்பாற்றலுக்கு இடம் குறைவு என்ற விமர்சனம் சரியாக இருக்கலாம். ஆயினும் வீட்டில் படித்துப் பொது அளவுகோலில் தன்னை அளந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஏற்பாடு இதுதான்.

அஞ்சல் சொல்லும் விடை

கலையைக் கடிதம் வழியாகக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் இணையத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது. இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் 1857-இல் வெளியிட்ட ஓவியப் பாடநூல், தொடக்கநிலையாளருக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் அமைந்தது. அவர் அப்போது லண்டனில் உழைப்பாளர் கல்லூரியில் வேலை முடிந்து வருவோருக்கு மாலை நேரத்தில் ஓவியம் கற்பித்துக்கொண்டிருந்தார். ஓவியராக்குவது தம் நோக்கமில்லை, பார்க்கக் கற்பிப்பதே நோக்கம் என்பது அவர் கொள்கை. பகுதிநேரக் கலைக் கல்விக்குக் கிடைத்த முதல் வலுவான நியாயம் என்று அதைக் கருதலாம்.

20-ஆம் நூற்றாண்டில் இது வணிகமாகவும் வளர்ந்தது. 1905-இல் பெர்சி பிராட்ஷா லண்டனில் பத்திரிகை ஓவியத்துக்கு அஞ்சல்வழிப் பள்ளி தொடங்கினார். அமெரிக்காவில் 1948-இல் ஆல்பர்ட் டோர்னும் நார்மன் ராக்வெல்லும் வேறு புகழ்பெற்ற ஓவியர்களும் சேர்ந்து பெரிய அஞ்சல்வழிப் பள்ளி ஒன்றை நிறுவினார்கள். அதன் கிளையான எழுத்தாளர் பள்ளி, ஆசை காட்டி ஆள் பிடிப்பதை 1970-இல் ஜெசிகா மிட்ஃபோர்ட் அம்பலப்படுத்தினார். 72 வயதுக் கைம்பெண் ஒருவரைப் படிப்பில் சேர்த்துப் பணம் வசூலித்தது அவர் கட்டுரையில் முக்கிய எடுத்துக்காட்டு. முதியோரின் கற்கும் ஆசை எளிதில் விலைபேசப்படலாம் என்ற எச்சரிக்கை இன்றைய இணைய வகுப்புகளுக்கும் பொருந்தும்.

இதற்கு மாறான முன்னுதாரணமும் உண்டு. பிரிட்டனில் மைக்கேல் யங் 1987-இல் தொடங்கிய திறந்தநிலைக் கலைக் கல்லூரி, வீட்டிலிருந்தே ஓவியமும் சிற்பமும் நிழற்படமும் பயில வழிசெய்தது. மாணவர் தம் வேலைகளை அனுப்புவார். ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் விரிவான எழுத்து மதிப்பீடு தருவார். பின்னர் அது பட்டப்படிப்பு வரை வளர்ந்து, 2023-இல் அந்நாட்டின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2007-இல் நிகழ்கலை, காட்சிக்கலைகளுக்கெனத் தனிப் புலம் அமைத்து, ஓவியத்தில் சான்றிதழ்ப் படிப்பு வகுத்தது.

அஞ்சல் வழி இடத்தையும் நேரத்தையும் வெல்கிறது. திருத்தம் தாமதமாக வருவதுதான் அதன் குறை. பத்து நாள் கழித்து வரும் மதிப்பீடு முடிந்த படத்தைப் பற்றிப் பேசும். தவறு நேர்ந்த கணத்தைத் தொடாது. கைப்பேசியில் எடுத்த நிழற்படம் வண்ணத்தையும் தாளின் தன்மையையும் மாற்றிக் காட்டும். பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழியில் படித்து ஓய்வு பெற்றவர்கள் பாதியிலேயே விலக நேர்கிறது.

தனிப்பயிற்சி சொல்லும் விடை

ஆசிரியரே தேவையில்லை என்பது நான்காவது நிலைப்பாடு. இதற்கு எப்போதும் காட்டப்படும் சான்று ரவீந்திரநாத் தாகூர். கலைப் பள்ளியில் பயிலாத அவர் அறுபதுகளில்தான் தீவிரமாக ஓவியத்துக்கு வந்தார். கவிதைக் கையெழுத்துப் படிகளில் அடித்த வரிகளை உருவங்களாக மாற்றிப் பழகியவர், 1930-இல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தபோது அவருக்கு வயது 69. இறப்பதற்குள் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். அமெரிக்காவின் பாட்டி மோசஸ் (1860–1961) பண்ணை வேலையில் வாழ்நாளைக் கழித்து, எழுபதுகளின் பிற்பகுதியில் தூரிகை எடுத்து, நூறு வயதைக் கடந்தும் வரைந்தவர்.

வயதுக் கேள்விக்கு இந்த வாழ்க்கைகள் உறுதியான விடை தருகின்றன: தாமதமாகத் தொடங்கலாம். ஆனால் ஆசிரியர் தேவையில்லை என்பதற்கு இவை போதிய சான்று ஆகா. தாகூர் வளர்ந்த வீட்டில் அவனீந்திரநாத், ககனேந்திரநாத் என்ற இரு பெரும் ஓவியர்கள் இருந்தார்கள். ஐம்பது ஆண்டு இலக்கிய உழைப்பு தந்த வடிவ உணர்வும் அவரிடம் இருந்தது. தனியே முயன்று பாதியில் கைவிட்ட ஆயிரக்கணக்கானோர் வரலாற்றில் பதிவாவதில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணி ஒரு வழியை மதிப்பிடுவது பிழையான கணக்கு.

தனிப்பயிற்சிக்கு இன்று யூடியூப் காணொளிகள் புதுத் தெம்பு தந்திருக்கின்றன. தமிழிலேயே பென்சில் நிழலிடுதல் முதல் தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சுக்கான் மாவுக் கலவை குழைப்பது வரை பார்க்கலாம். ஆனால் காணொளி கற்பவரின் படத்தைப் பார்ப்பதில்லை. அவர் செய்யும் தவறு எதுவோ அதைத் தொடாமல் அது தன் போக்கில் ஓடி முடியும். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் 1993-இல் இசைக் கலைஞர்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இங்கு உதவும். நேரத்தின் அளவு மட்டும் போதாது. குறையைக் குறிவைத்த, திருத்தத்தோடு கூடிய பயிற்சியே தேர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பது அதன் வாதம். பயிற்சிக்கு அவர் கொடுத்த எடை மிகை என்று பின்வந்த ஆய்வாளர்கள் வாதிட்டாலும், திருத்தத்தின் பங்கை யாரும் மறுக்கவில்லை. ஒரே மாதிரிப் படத்தைப் பார்த்துப் பார்த்து நூறு முறை வரைந்தவருக்கு அந்த ஒரு படம்தான் வரும்.

மருத்துவம் சொல்லும் விடை

கடந்த இருபது ஆண்டுகளில் ஐந்தாவது குரல் ஒன்று வலுத்திருக்கிறது: முதுமையில் கலை மூளைக்கு நல்லது. 2014-இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வு, ஓய்வு பெற்ற 28 பேரை இரு குழுவாகப் பிரித்தது. ஒரு குழு பத்து வாரம் படம் வரைந்தது. மற்றது அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பார்த்து விவாதித்தது. வரைந்த குழுவினரின் மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு மேம்பட்டதாக ஆய்வாளர்கள் கண்டார்கள். 2015-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையம் 85 வயது கடந்த 256 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வை வெளியிட்டது. நடுவயதிலும் முதுமையிலும் ஓவியம், சிற்பம் போன்றவற்றில் ஈடுபட்டோருக்கு லேசான அறிதிறன் குறைபாடு வரும் வாய்ப்பு 73 விழுக்காடு குறைவாக இருந்தது.

இந்த எண்களை நிதானமாக வாசிக்க வேண்டும். முதல் ஆய்வில் பங்கேற்றோர் மிகக் குறைவு. இரண்டாவது, ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, கலைதான் காரணம் என்று நிறுவவில்லை. நல்ல உடல்நலமும் படிப்பும் வசதியும் உள்ளவர்களே ஓவியத்துக்கு வந்திருக்கவும் கூடும்.

நம் கேள்விக்கு நெருக்கமானது டெனிஸ் பார்க் குழுவினரின் 2014 ஆய்வு. 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரில் சிலருக்கு மூன்று மாதம் நிழற்படக் கலையும் ஒட்டுத் துணித் தையலும் கற்பித்தார்கள். வேறு சிலர் கூடிப் பேசி விளையாடினார்கள். மற்றும் சிலர் வீட்டில் எளிய வேலைகள் செய்தார்கள். புதிய, கடினமான திறனைக் கற்றவர்களுக்கே நினைவாற்றல் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. கூடிப் பழகுவது மட்டும் அந்தப் பலனைத் தரவில்லை. பலன் கற்றலின் கடினத்தில் இருக்கிறது என்றால், முதியோருக்கென்று எளிமையாக்கி, வண்ணம் நிரப்பும் புத்தகத்தைக் கையில் கொடுக்கும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

கலையை மருந்தாக மட்டும் பார்ப்பதில் இன்னொரு குறை உண்டு. மருந்து வேலை செய்ததா என்று கேட்பவர், படம் நன்றாக வந்ததா என்று கேட்பதில்லை. கற்க விரும்பும் முதியவரோ இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறார். அவர் நோயாளியாக வரவில்லை, மாணவராக வருகிறார்.

மன்றம் சொல்லும் விடை

ஆறாவது விடை, முதியோர் ஒன்றுகூடிக் கற்பது. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியேர் வெல்லா முதியோருக்கான முதல் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். அங்கு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கற்பித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகியோர் பிரிட்டனுக்கு அதைக் கொண்டுவந்தபோது உருவம் மாறியது: தேர்வும் பட்டமும் இல்லை, ஓய்வு பெற்றவர்களே ஒருவருக்கொருவர் கற்பித்தார்கள். உழைப்புக்கும் தளர்ச்சிக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் தன்னை நிறைவாக்கிக்கொள்ளும் தனிப் பருவம் என்று லாஸ்லெட் 1989-இல் எழுதினார்.

அமைப்பு புதிதாக இருந்தாலும் எண்ணம் ராஜபாளையத்துக்குப் புதிதன்று. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். கலைக்கு ஊரின் நடுவே ஒரு பொது இடம் வேண்டும் என்று அந்தத் தலைமுறை நினைத்தது.

மன்ற வழி தனிமையைப் போக்கும், செலவு குறைவு, மொழித் தடை இல்லை. அதன் குறை தரத்தில் இருக்கிறது. எல்லாரும் தொடக்கநிலையாளராக இருக்கும் இடத்தில் பாராட்டு தாராளமாகக் கிடைக்கும், திருத்தம் கிடைக்காது. நம் ஊர்களில் கூடும் இடங்கள் பல, சமூக மடங்களாகவும் உறவின்முறை மண்டபங்களாகவும் இருப்பதால், எல்லாரும் சமமாக உள்ளே வர முடிகிறதா என்பதையும் கேட்டாக வேண்டும்.

இரண்டு ஊர்களில் இருப்பவை

கல்லூரி இல்லை என்பதால் இவ்விரு ஊர்களும் கலைக் கல்விக்கு வறண்ட நிலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலை ராஜகோபுரம் ஏறத்தாழ 192 அடி உயரம். தமிழ்நாடு அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் இதுவே என்று பலரும், மதுரைக் கோபுரம் என்று சிலரும் சொல்வதுண்டு; முத்திரையை வரைந்த ஆர். கிருஷ்ணராவ் மதுரையில் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். தொலைவுக் காட்சியின் இலக்கணத்தைப் பழக அந்தக் கோபுரத்தைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது கடினம். ஆடிப்பூரத் தேரின் மரச் சிற்பங்கள், நாயக்கர் காலத் தூண்கள், திருமலை நாயக்கர் மகால், செண்பகத்தோப்பின் காடு, ராஜபாளையத்தின் சஞ்சீவி மலை, அய்யனார் கோயில் ஓடை, நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள் ஆகியவை நடந்தோ நகரப் பேருந்திலோ போய் வரக்கூடிய தொலைவில் இருக்கின்றன.

இதை வெறும் ஊர்ப்பெருமையாகச் சொல்லவில்லை; கற்பித்தல் முறையோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஆனந்த விகடனில் தென்னாட்டுச் செல்வங்கள் தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் முன் அமர்ந்து கோட்டோவியம் தீட்டிய சில்பி, எதிரில் இருப்பதைப் பார்த்து வரைவதன் ஆற்றலுக்குத் தமிழில் தலைசிறந்த எடுத்துக்காட்டு. படத்தைப் பார்த்துப் படம் எழுதுவது வீட்டிலேயே கட்டிப்போடும் பழக்கம். பொருளைப் பார்த்து எழுதுவது பார்வையை வளர்க்கும் பயிற்சி. கல்லூரியும் ரஸ்கினும் இதில் ஒத்துப்போகிறார்கள். வீட்டில் கற்பவர் வாரத்தில் ஒரு காலையாவது வெளியே அமர்ந்து வரைய இந்த ஊர்கள் இடம் தருகின்றன. கோயிலுக்குள் வரைவதற்கு நிர்வாகத்தின் அனுமதியும், கூட்டமில்லாத நேரமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு ஓய்வு?

இதுவரை வந்த நிலைப்பாடுகள் பெரும்பாலும் பென்ஷன் வாங்கும் ஆணை மனத்தில் வைத்தே பேசுகின்றன. ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ ஓய்வு பெற்றவருக்கு மாத வருமானமும் காலைப் பொழுதும் உறுதி. நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்த்து விலகியவரில் பலருக்கு ஓய்வுக்குப் பிறகும் வேலை தேடும் நிலை. வீட்டுப் பெண்களுக்கோ ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது. பேரக் குழந்தைகள் வந்த பிறகு பொறுப்பு கூடவே செய்கிறது. பகுதிநேரம் என்று எளிதாகச் சொல்லும் அந்த இரண்டு மணி நேரம் அவர்களுக்குத் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. வீட்டிலிருந்து கற்கும் எந்தத் திட்டமும் இவர்களையும் கணக்கில் கொண்டால்தான் முழுமை பெறும்.

உடல் பற்றியும் சொல்ல வேண்டும். கண்புரை வண்ணங்களைப் பழுப்பாக்கிக் காட்டும்; நீலம் மங்கும். ஓவியர் மோனே 1923-இல் கண்புரை அறுவை செய்துகொள்ளும் வரை இதனோடு போராடினார். மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 58-ஆம் வயதில், 1976-இல், பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையால் இந்த வட்டாரத்தில் இன்று அந்தச் சிகிச்சை எட்டாத ஒன்றாக இல்லை. டர்பன்டைன் ஆவி அடைத்த அறையில் மூச்சுக்குக் கெடுதல் என்பதால், வீட்டில் தொடங்குபவருக்குப் பென்சிலும் நீர்வண்ணமுமே ஏற்றவை.

மதிப்பீடு

நிலைப்பாடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் சில முடிவுகளைத் தயக்கத்தோடு சொல்லலாம். வயதுக் கேள்விக்கு விடை பெரும்பாலும் சாதகமாக இருக்கிறது. அறுபதுக்கு மேல் கடினமான திறனைக் கற்க முடியும், கடினமாக இருப்பதே நன்மை என்பதற்கும் சான்று கூடிவருகிறது. நேரக் கேள்விக்கு விடை, எவ்வளவு தேர்ச்சியை எதிர்பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவரின் தேர்ச்சியைப் பகுதிநேரத்தில் எதிர்பார்ப்பது கடினம். ஒழுங்காகப் பார்த்து, பிழை குறைத்து, தன் பார்வையில் வரையும் நிலையை எட்டுவது சாத்தியம். இடக் கேள்வியில்தான் எல்லா வழிகளும் தடுமாறுகின்றன. வீடு நேரத்தைத் தருகிறது. திருத்தும் கண்ணைத் தருவதில்லை. பட்டறையும் கல்லூரியும் கொடுத்து, அஞ்சலும் காணொளியும் கொடுக்கத் தவறுவது அதைத்தான்.

ஆகவே வீடா பள்ளியா என்று கேட்பதைவிட, வீட்டில் செய்த வேலை எத்தனை நாளுக்கு ஒருமுறை தேர்ந்த ஒருவரின் பார்வைக்குப் போகிறது என்று கேட்பது பொருத்தம். மாதம் ஒருமுறையேனும் நேரில் திருத்தம் கிடைக்கும் கலப்பு வழியே, கிடைக்கும் சான்றுகளின்படி, மிகவும் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது.

விடை காணாதவை பல. எத்தனை திருத்தம் போதும் என்பதை முதியோரிடம் அளந்து பார்த்த ஆய்வுகள் குறைவு. மூளை நலன் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் செல்வ நாடுகளில், படித்தவர்களிடம் நடந்தவை. பருத்தி ஆலையில் உழைத்துத் தேய்ந்த கைகளுக்கு அவை எந்த அளவு பொருந்தும் என்பது தெளிவாகவில்லை. தொழில் நோக்கமற்ற முதியோர் கல்விக்குத் தொலைநிலைத் தடையைத் தளர்த்துவது தரத்தைக் குறைக்குமா என்பதும் விவாதத்துக்குரியது.

ஆனால் செய்யக்கூடியது எல்லாவற்றுக்கும் ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இவ்விரு ஊர்களுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தொலைவு. அரசுப் பள்ளிகளில் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொது இடம் ஒன்றில் அமர்ந்து, வீட்டில் வரைந்து கொண்டுவரும் படங்களைத் திருத்தித் தர முன்வர வேண்டும். சிறுவர் மன்றங்களைப் போல முதியோருக்கும் ஓர் ஓவிய வகுப்பை மாவட்டந்தோறும் தொடங்கக் கலை பண்பாட்டுத் துறை முன்வர வேண்டும். அதைப் பெண்கள் வரக்கூடிய பகல் நேரத்தில் வைக்க வேண்டும். கற்க விரும்பும் பெரியவர்கள் முதல் படத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருக்க வேண்டாம். திருத்தத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். கல்வி தொடங்குவது அங்கேதான்.